நிலுவையில்

எட்டை அழுத்தினால்
முன்னால் எத்தனை பேர் என்று சொல்வார்கள்.
இருநூற்றுப் பதினான்கு.
உருளைக்கிழங்கின் தோலைச் சீவினேன், வேகவைத்தேன்,
மகனுக்குப் போட்டேன், தட்டைக் கழுவினேன்.
நூற்றுத் தொண்ணூறு.
அதே பியானோ. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்
தடுக்கி விழுந்து
ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நடக்கிறது.
நாலேகாலுக்கு அலுவலகத்தை மூடினார்கள்,
அவன் வாயில் கிழங்கு இருந்தபோதே
பியானோவையும்.

ஈரி ஏரி கல்லாகிக் கிடந்த ஜனவரி.
தயிர் டப்பாவுக்கு மூடி செய்யும் ஆலையில்
ஒன்பது வருடம் நின்ற கால் இது.
ஷிப்டை இரவுக்கு மாற்றினார்கள்.
மூன்று மணிக்கு வெளியே விடுவார்கள்,
முதல் பேருந்து ஆறேகாலுக்கு.
சொன்னேன்.
ரோஜர் கிளிமெக் ஏட்டிலிருந்து தலை தூக்காமல்
'முடியாதென்றால் வராதே' என்றார்.
போகவில்லை.

ஆலை எழுதி அனுப்பியது: தானாகவே விலகினார்.

விலகினேனா,
விலக்கினார்களா.
நடுவே ஒரேயொரு க்,
தலையில் புள்ளி வைத்த ஒற்று.
பதினோரு வார வாடகை
அந்தப் புள்ளிக்குள் மாட்டிக்கொண்டது.

ஞாயிறுதோறும் கேள்விகள் வரும்.
இந்த வாரம் வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா?
ஆம்.
கொடுத்தால் ஏற்றிருப்பீர்களா?
ஆம்.
வருமானம் ஏதாவது?
எதிர்வீட்டுத் திருமதி பலெர்மோவின் வாசலில்
பனி வாரிப்போட்டதற்கு இருபது டாலர் தந்தார்.
எழுதினேன்.
மறைத்தால் குற்றம் என்று தடித்த எழுத்தில் இருந்ததே.
இப்போது அந்த இருபது டாலரை விசாரிக்க
இன்னொரு நிலுவை,
முதல் நிலுவையின் மடியில்.

மூன்றாம் தேதியிட்ட கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது.
மறுப்பு.
மேல்முறையீட்டுக்கு இரண்டு நாள் மிச்சம்.
நூலகத்தில் ஃபேக்ஸ், பக்கத்துக்கு ஒரு டாலர்.
ஆறு பக்கம் எழுதியிருந்தேன்.
அங்கேயே நின்று நாலாக்கினேன்.
பேருந்து அட்டவணையை விட்டுவிட்டு
என் கோபத்தை வெட்டினேன்.

விசாரணை தொலைபேசியில்.
பையன் தூங்க, குளியலறைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.
'டோரீன் சோப்சாக், வலது கையை உயர்த்துங்கள்.'
உயர்த்தினேன்.
பார்க்க யாருமில்லை,
கண்ணாடியில் ஒருத்தி மட்டும்
இடது கையை உயர்த்தியிருந்தாள்.

'வராதே என்று சொன்னீர்களா, மிஸ்டர் கிளிமெக்?'

அவர் பேசவில்லை.
அவருக்குப் பின்னால் நாலாம் எண் இயந்திரம்
மூடிகளைத் துப்பிக்கொண்டிருந்தது.
டக், டக், டக், கொஞ்சம் தாமதித்து ஒரு டக்.
ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது.
யாரும் மாற்றவில்லை.
என் விரல் தொட்டியின் பீங்கானில்
தானாகவே அந்த வளையத்தைத் தேடியது.

'நினைவில்லை,' என்றார்.
டக்.
'சொல்லியிருக்கலாம்.'
டக், டக்.
'சொன்னேன்.'

அவர்மேல் இருந்த வன்மம் அந்த நொடியில்
எங்கே போனதென்று தெரியவில்லை.
முழுவதும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தீர்ப்பு என் பக்கம்.
கணினியில் பார்த்தேன்: நிலுவையில்.
எட்டை அழுத்தினேன். முன்னால் நூற்று முப்பத்தொன்று.
ஒரு பெண்குரல் வந்து, பாவம், தொண்டை கட்டியிருந்தது,
அந்த இருபது டாலர் இன்னும் முடியவில்லை என்றது.
'எத்தனை நாள் ஆகும்?'
'எனக்கே தெரிந்தால் சொல்லமாட்டேனா, கண்ணு?'

ஏப்ரலிலும் பனி கொட்டியது.
திருமதி பலெர்மோவின் படிகளை வாரி முடித்தேன்.
கதவைத் திறந்து மறுபடி இருபதை நீட்டினார்.
ஐயோ, வேண்டவே வேண்டாம் என்று
இரண்டு அடி பின்வாங்கினேன்,
பாம்பைக் கண்டவள்போல.
புரியாமல் உள்ளே போய்
ஆவி பறக்கும் காபியோடு வந்தார்.

வாங்கிக்கொண்டேன்.
இரண்டு வாய் குடித்தபின்தான் நினைவு வந்தது,
நாளை ஞாயிறு.
காபியை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?